லெஷான் பெரிய புத்தரும் எமெய் மலையும்: முட்டி வலி உள்ள அம்மாவோடு போக எத்தனை நாள் வேண்டும்?

புதுவழி:

வணக்கம் நண்பர்களே. நவம்பர் நடுவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சீனாவில் செங்டு போகிறேன். மொத்தம் ஆறு நாள். அதில் லெஷானில் மலைப்பாறையில் செதுக்கிய பெரிய புத்தரையும், பக்கத்திலேயே இருக்கும் எமெய் மலையையும் பார்ப்பதுதான் முக்கியம், மற்றதெல்லாம் கிடைத்தால் சரி.

ஏன் இந்த இடம் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கும் பதில் சொல்ல வசதி. அம்மா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் வேலை செய்தார். பக்கத்து மேசையில் ஒரு சீன ஆண்ட்டி, அம்மாவுக்கு ரொம்ப நெருக்கம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குச் சாப்பாடு போட்டது பாதி நாள் அவர்தான். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் லெஷான் புத்தர் படம் ஒன்று எப்போதும் இருக்கும். ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் சேர்ந்து போவோம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். போன வருஷம் ஆண்ட்டி தவறிவிட்டார். அவர் மகள் அந்தப் படத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு ஊதுபத்தி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் அம்மா கேட்பது.

அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முட்டியிலும் வலி உண்டு, மெதுவாக நடப்பார், இறங்குவதுதான் கஷ்டம். சுத்த சைவம், முட்டைகூட இல்லை.

என் கேள்விகள்: செங்டுவில் ஒரு ஏஜென்ட் காலையில் கிளம்பி இரண்டையும் ஒரே நாளில் காட்டி இரவு திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறார். நடக்கிற காரியமா? மலை உச்சிவரை அம்மாவால் போக முடியுமா? இன்னொன்று, எனக்கு சிங்கப்பூர் பாஸ்போர்ட், அம்மா நிரந்தரவாசி, இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். விசா விஷயத்தில் குழப்பம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


மலையடிவாரம்:

செங்டுவில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த இரண்டு இடத்துக்கும் நான்தான் துணை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து 30 நாள்வரை விசா தேவையில்லை. அம்மாவுக்குக் கட்டாயம் தேவை, நிரந்தரவாசி என்பதால் அதில் சலுகை எதுவும் கிடையாது. சிங்கப்பூரில் உள்ள சீன விசா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இன்றே ஆரம்பித்துவிடுங்கள், டிக்கெட் எல்லாம் அப்புறம்.

ஒரே நாள் விஷயம். தயவுசெய்து வேண்டாம். வரைபடத்தில் பார்த்தால் எமெய்க்கும் லெஷானுக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான், அதைக் காட்டித்தான் ஏஜென்ட் விற்கிறார். ஆனால் எமெய் மலை அடிவாரத்தில் பாவ்குவோ கோயில் இருப்பது கிட்டத்தட்ட 550 மீட்டர் உயரத்தில், ஜின்திங் என்கிற தங்க உச்சி 3,000 மீட்டருக்கும் மேலே. அடிவாரத்திலிருந்து லெய்டோங்பிங் வரைக்கும் மலைப் பேருந்து, அதுவே இரண்டு மணி நேரம். அங்கே இறங்கி அரை மணி நேரம் படி ஏறினால்தான் ஜியேயின் மண்டபம், அதாவது கேபிள் கார் ஏறும் இடம். மேலே கேபிள் கார் இறக்கிவிட்ட பிறகும் கொஞ்சம் படி உண்டு. இதே அளவு நேரம் திரும்பி வரவும். இதற்கு நடுவில் புத்தரை எங்கே பார்ப்பது? ஒருமுறை என் சித்தப்பா குடும்பம் நான் ஊரில் இல்லாத நேரத்தில் இப்படி ஒரு ஒருநாள் சுற்றுலாவில் போனார்கள். வழியில் ஒரு பச்சைக்கல் நகைக்கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, லெஷானில் மேலிருந்து தலையை மட்டும் காட்டிக் கூட்டிவந்துவிட்டார்கள். சித்தி இன்னும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்.

நான் சொல்வது மூன்று நாள், இரண்டு இரவு. செங்டுவிலிருந்து அதிவேக ரயிலில் முதலில் எமெய் போங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். எமெய் ஷான் நிலையத்திலிருந்து பாவ்குவோ கோயில் பக்கம்தான். அன்றைக்கு அடிவாரத்திலேயே தங்கி, பாவ்குவோ, அதற்கு மேலே மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஃபுஹு கோயில் இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். மறுநாள் விடிகாலையில் உச்சி. மூன்றாம் நாள் லெஷான், அங்கிருந்து அப்படியே ரயிலில் செங்டு.

குளிரைக் குறைவாக எடைபோட வேண்டாம். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 14, 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். நவம்பரில் கீழே ஸ்வெட்டர் போதும், மேலே பனி விழுந்தாலும் விழும். லெய்டோங்பிங்கில் தடித்த கோட் வாடகைக்குக் கிடைக்கும். படியில் பனி உறைந்திருந்தால் செருப்புக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பல் விற்பார்கள், விலை பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

கட்டணம் நான் இருந்தபோது எமெய்க்கு 160 யுவான், லெஷானுக்கு 80. பேருந்து, கேபிள் கார் எல்லாம் தனி. வயதானவர்களுக்குச் சலுகை உண்டு, அம்மாவின் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் டிக்கெட்டே எடுக்க முடியாது, பையில் அடியில் வைக்காதீர்கள். கைப்பேசியில் அலிபே என்கிற பணம் கட்டும் செயலியைப் போட்டு உங்கள் வங்கி அட்டையை இங்கிருந்தே இணைத்துக்கொண்டு போங்கள். கூகுள் மேப்ஸை அங்கே நம்ப முடியாது, அமேப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: செங்டு இருக்கும் சிச்சுவான் மாகாணத்தில் கடைச் சாப்பாட்டில் சைவம் என்று சொன்னாலும் மேலே இறைச்சித் தூள் தூவிவிடுவார்கள், அதை அவர்கள் இறைச்சியாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கோயில்களில் மடத்துச் சாப்பாடு உண்டு, அதில் பூண்டு வெங்காயம்கூட இருக்காது, அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். “வோ ச்சூ சூ” என்று சொன்னால் நான் சைவம் என்று அர்த்தம். (திருத்தம்: “வோ ச்சீ சூ”, மேலே தட்டச்சுப் பிழை.)


கல்லும் நீரும்:

மேலே அண்ணன் வழி எல்லாம் சொல்லிவிட்டார். நான் கட்டுமானப் பொறியாளர், லெஷான் புத்தரைப் பார்க்கவே இரண்டு முறை போனவன். அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் 71 மீட்டர் உயரம், காது 7 மீட்டர் என்று எல்லோரும் அளவைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு ஆச்சரியம் அளவு இல்லை, அது இன்னும் நிற்கிறது என்பதுதான்.

அந்தப் பாறை சிவப்பு மணற்கல். கிரானைட் மாதிரி இல்லை, மென்மையானது, தண்ணீர் பட்டால் உதிரும். மழையும் மூடுபனியும் நிறைந்த ஊர் அது. காலடியில் மின், தாது, ச்சிங்யி என்று மூன்று ஆறுகள் சேர்கின்றன. இப்படி ஒரு இடத்தில், இப்படி ஒரு கல்லில், 713-இல் தொடங்கி 803-இல் முடித்த சிலை, 1,200 வருஷத்துக்கு மேல் ஆகியும் முகம் தெரிகிறது. எப்படி என்றால் அதற்குள் வடிகால் இருக்கிறது. தலையில் சுருள் சுருளாக ஆயிரத்துக்கும் மேல் முடிக்கொண்டைகள், 18 வரிசை. அதில் நாலாவது, ஒன்பதாவது, பதினெட்டாவது வரிசைகளில் குறுக்காக வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், கீழே நின்று பார்த்தால் முடி அலங்காரம் மாதிரிதான் தெரியும். கழுத்துப்பட்டையிலும் மேலாடை மடிப்பிலும் வாய்க்கால் உண்டு. மார்பில் ஓடும் வாய்க்கால் வலக்கைக்குப் பின்னால் உள்ள வாய்க்காலோடு சேர்கிறது. காதுக்குப் பின்னால் தலையை ஒட்டி ஒரு குகைப்பாதை, இடமிருந்து வலம் திறந்திருக்கிறது, மலையிலிருந்து கசியும் நீர் கல்லுக்குள் இறங்காமல் வெளியே போகவும் காற்றோட்டத்துக்கும். நம் வீட்டு மாடியில் தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுக்கிறோமே, அதே அறிவுதான், ஆனால் எட்டாம் நூற்றாண்டில், ஒரு மலைக்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். சிலைக்குப் பக்கத்துப் பாறையில் சதுரம் சதுரமாகத் துளைகள் தெரியும். முன்பு புத்தரை முழுவதும் மூடி பல அடுக்கு மர மாளிகை இருந்தது, அதன் உத்தரம் நுழைந்த துளைகள் அவை. மாளிகை போர்க்காலத்தில் அழிந்தது, அதற்குப் பிறகுதான் மழையும் வெயிலும் நேராகப் படுகிறது. பிற்காலத்தில் நிலக்கரிப் புகையால் வந்த அமில மழை வேறு. 2018 அக்டோபரில் மார்பிலும் வயிற்றிலும் வெடிப்பு என்று சாரம் கட்டி மூடி, அடுத்த ஏப்ரலில்தான் திறந்தார்கள். நான் முதல் தடவை போனது அந்த நேரத்தில், சாரத்தைத்தான் பார்த்துவிட்டு வந்தேன். 2020 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆற்று நீர் புத்தரின் கால்விரலைத் தொட்டது, 1949-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

சிலை ஏன் அங்கே என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். மூன்று ஆறும் மோதும் இடத்தில் சுழலில் படகுகள் கவிழ்ந்து ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். ஹாய்டோங் என்கிற துறவி, வரப்போகும் புத்தரான மைத்ரேயரை இங்கே செதுக்கினால் ஆறு அடங்கும் என்று நம்பி ஊர் ஊராகப் பணம் திரட்டினார். அந்தப் பணத்தில் பங்கு கேட்டு வந்த அதிகாரியிடம், என் கண்ணைத் தருவேன், புத்தர் காசைத் தரமாட்டேன் என்று சொல்லித் தன் கண்ணைத் தோண்டிக் கொடுத்தார் என்று கதை. சிலை முடிவதற்கு ரொம்ப காலம் முன்பே அவர் இறந்துவிட்டார். வேலை நின்று, மறுபடி தொடங்கி, கடைசியில் வெய் காவ் என்கிற ஆளுநர் காலத்தில்தான் பாதம்வரை முடிந்தது. செதுக்கிக் கொட்டிய கல் முழுவதும் ஆற்றில் விழுந்து, அடிமட்டம் மாறி, நீரோட்டமே தணிந்தது என்று சொல்கிறார்கள். துறவி நம்பியது பலித்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதனால் அந்தச் சிலை ஆற்றைப் பார்க்கிற சிலை, படகுக்காரனுக்காகச் செய்தது. படகிலிருந்துதான் முதலில் பார்க்க வேண்டும்.


மலையடிவாரம்:

படகைச் சொல்ல விட்டுப்போனது, நல்லவேளை நினைவுபடுத்தினீர்கள். படகுத்துறையிலிருந்து சுற்றுலாப் படகு போகும், புத்தருக்கு நேர் எதிரே சில நிமிஷம் நிறுத்துவார்கள். 70 யுவான் மாதிரி. அம்மாவுக்கு இதுதான் சரி, ஒரு படிகூட ஏற வேண்டாம், தலையிலிருந்து பாதம்வரை முழுசாகத் தெரிவதும் இங்கிருந்துதான். இரண்டு பக்கமும் பாறையில் காவல் தெய்வங்கள் நிற்பதும் படகிலிருந்துதான் தெரியும். ஆற்றில் வெள்ளம் இருந்தால் படகு ஓடாது, நவம்பரில் அந்தக் கவலை இல்லை.

பாதத்துக்கு இறங்க ஒன்பது வளைவுப் பாதை என்று பாறையை ஒட்டி ஒரு படிக்கட்டு. செங்குத்து, சில இடத்தில் ஒரு ஆள் மட்டும் போகும் அகலம், நடுவில் திரும்ப முடியாது. இறங்குவது கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அம்மாவை அதில் கூட்டிப்போக வேண்டாம். ஊதுபத்தி ஏற்ற மேலே, புத்தர் தலைக்குப் பின்னாலேயே லிங்யுன் கோயில் இருக்கிறது.


நடைக்காரி:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். எமெய் மலையை மூன்று நாள் நடந்தே ஏறியவள் நான், பேருந்தில் உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு இறங்குவதை மலைக்குப் போனதாக என்னால் நினைக்க முடியவில்லை. சீனாவில் பௌத்தர்களுக்கு நான்கு புனித மலைகள்: வூதாய் மஞ்சுஸ்ரீக்கு, பூதுவோ அவலோகிதேசுவரருக்கு, ஜியூஹுவா க்ஷிதிகர்பருக்கு, எமெய் சமந்தபத்திரருக்கு. சீனத்தில் அவரைப் பூஷியேன் என்பார்கள். சொன்னதைச் செய்து காட்டுகிறவர் என்பதுதான் அவருக்கு அடையாளம், அதனால்தான் இந்த மலையில் காலால் நடப்பதே வழிபாடு. நான் ஏறும்போது ஒரு பாட்டி, எழுபதுக்கு மேல் இருக்கும், மூன்று படிக்கு ஒருமுறை குனிந்து கும்பிட்டுக்கொண்டே வந்தார். அவரைக் காலையில் முந்திப் போனேன், மாலையில் நான் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதே வேகத்தில் என்னைத் தாண்டிப் போனார்.

அம்மாவால் மூன்று நாள் நடக்க முடியாது, சரி. ஆனால் வன்னியன் கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடிவாரத்திலிருந்து பேருந்து, அப்புறம் ஒரு சின்ன கேபிள் கார், இறங்கினால் கோயில். என்னைக் கேட்டால் உச்சியில் இருக்கும் 48 மீட்டர் தங்கச் சிலையைவிட இதுதான் மலையின் உயிர். உச்சிச் சிலை 2006-இல் வைத்தது. வன்னியனில் இருப்பது 980-ஆம் வருஷம் வார்த்த வெண்கலச் சமந்தபத்திரர், ஆறு தந்தம் உள்ள யானைமேல் தாமரையில் உட்கார்ந்திருக்கிறார், உயரம் 7.85 மீட்டர், எடை 62 டன். யானையின் நான்கு காலும் ஒவ்வொரு தாமரையில். அதன் முகத்தைப் பாருங்கள், நம் கோயில் யானை பாகனைப் பார்ப்பது மாதிரி ஒரு சாந்தம். மண்டபமும் விசேஷம்: மிங் அரச வம்சத்தின் காலத்தில் செங்கல்லாலேயே கட்டியது, கீழே சதுரம், மேலே வட்டக் கூரை, ஒரு மர உத்தரம்கூட இல்லை. மலையில் மற்ற கோயில்கள் எத்தனையோ தடவை தீயில் போயிருக்கின்றன, உச்சிக் கோயிலே 1972-இல் எரிந்தது, இந்தச் செங்கல் மண்டபம் நிற்கிறது. கோயில் குளத்தில் ஒரு வகைத் தவளை உண்டு, யாழ் மீட்டுவது மாதிரி கத்தும், கோடையில் போனால் கேட்கும். உங்களுக்கு நவம்பர், கிடைக்காது.

குரங்கு. இதைச் சிரித்துக்கொண்டு படிக்காதீர்கள். நம் ஊர்க் குரங்கு மாதிரி இல்லை, திபெத்தியக் குரங்கு, கனமான உடம்பு, குட்டை வால், கோடையிலும் கம்பளி போட்டதுபோல் இருக்கும். சீஷியாங்ச்சி என்கிற யானை குளித்த குளத்துக் கோயில் பக்கம் ஒன்று என் பையின் ஜிப்பைத் திறந்தது, கிழிக்கவில்லை, திறந்தது, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் திண்டில் உட்கார்ந்து தின்றது. கையில் பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். பழம், தண்ணீர் பாட்டில் வெளியே தெரியக்கூடாது. கண்ணுக்கு நேராக முறைக்க வேண்டாம். இரண்டு கையையும் விரித்து, ஒன்றும் இல்லை என்று காட்டினால் போய்விடும்.

கோயிலிலேயே தங்கலாம், நான் தங்கினேன். படுக்கை ஈரமாகத்தான் இருக்கும், மின்சாரப் போர்வை கொடுப்பார்கள். விடியுமுன் மணியும் ஓதலும் கேட்கும். ஒரு இரவாவது மலைமேல் தூங்குங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.


தோள்துணை:

நடைக்காரி சொல்வது அவர் வயதுக்குச் சரி. நான் அப்பாவைக் கூட்டிப் போனேன், 68 வயது, ரத்த அழுத்தம் உண்டு. 3,000 மீட்டரில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பேருந்தில் மளமளவென்று உயரம் ஏறிவிடுவதால் அப்பாவுக்குத் தலை கனத்து, மூச்சு வாங்கியது. ஜியேயின் மண்டபத்துக்குப் போகும் படியில் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். மூங்கில் பல்லக்கு வைத்துத் தூக்கிப் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அப்பா முதலில் மறுத்தார், மனிதன் தோளில் நான் உட்கார மாட்டேன் என்று. அவர்களுக்கு அதுதான் பிழைப்பு என்று அந்த ஆளே சைகையில் சொல்லிப் புரிய வைத்தபிறகு ஏறினார். ஏறுவதற்கு முன்னாலேயே எவ்வளவு என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரவு தங்குவதானால் உச்சியில் வேண்டாம், அடிவாரத்திலேயே தங்குங்கள், அதுதான் என் கருத்து. ஈரப் படுக்கை முட்டி வலிக்கு ஆகாது. அக்டோபர் முதல் வாரம், மே முதல் வாரம், சீனப் புத்தாண்டு இதையெல்லாம் தவிர்க்க வேண்டும், நீங்கள் நவம்பர் என்பதால் பிழைத்தீர்கள். வார நாளில் போங்கள், சனி ஞாயிறு வேண்டாம்.


புதுவழி:

எல்லோருக்கும் நன்றி, அம்மாவுக்கு முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கண்ணைக் கொடுத்த துறவி கதையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி: உச்சியில் புத்தர் ஒளி என்று ஒன்று தெரியுமாம், ஆண்ட்டி சொல்வாராம், மேகத்தில் வானவில் வட்டம், நடுவில் நம் நிழல் என்று. அது உண்மையா? எந்த நேரத்தில் நிற்க வேண்டும்?


கல்லும் நீரும்:

உண்மை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் கீழே மேகம் இருக்க வேண்டும். நம் நிழல் மேகத்தில் விழும், மேகத்தின் நுண்துளிகள் ஒளியை அது வந்த திசைக்கே திரும்பச் சிதறடிப்பதால் நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம் வரும். விமானத்தின் நிழலைச் சுற்றியும் இதே வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு விஷயம், பத்துப் பேர் தோளோடு தோள் நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும். ஜின்திங்கில் பாறை விளிம்பு கிழக்கு பார்த்தது, அதனால்தான் அங்கே சூரிய உதயமும் பார்க்கிறார்கள். ஒளி வளையத்துக்கு வெயில் மேற்கிலிருந்து வர வேண்டும், ஆகவே மதியத்துக்குமேல், மூன்று நாலு மணி. மேகம் கீழே, வெயில் மேலே என்று அமைந்தால் மட்டும்.

முற்காலத்தில் அந்த ஒளியைப் பார்த்து, புத்தர் அழைக்கிறார் என்று நம்பி அங்கிருந்து குதித்தவர்கள் உண்டு, அந்த விளிம்புக்கே உயிர் துறக்கும் பாறை என்று பெயர். இப்போது தடுப்பு போட்டிருக்கிறார்கள். தடுப்பில் சாய்ந்து படம் எடுக்க வேண்டாம்.


நடைக்காரி:

வானம் தெளிவாக இருந்தால் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள், கோங்கா மலை தெரியும், 7,500 மீட்டருக்கு மேல், முழுக்க வெள்ளை. எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.


புதுவழி:

போய் வந்துவிட்டோம். சொன்னவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் தப்பு என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

தோள்துணை அண்ணன் சொன்னபடி அடிவாரத்தில்தான் இரண்டு இரவும். முதல் நாள் மதியம் வன்னியன் போனோம். அம்மா அந்த யானை முன்னால் நின்றவர் நகரவே இல்லை. சுவர் முழுக்க சின்னச் சின்ன மாடங்களில் குட்டிப் புத்தர்கள், அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். மடத்துச் சாப்பாட்டில் முட்டைக்கோஸ், டோஃபு, காளான், சோறு. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சைகை காட்டினார். அம்மா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

உச்சி அன்றைக்கு முழு மூடுபனி. வாடகைக் கோட் சிவப்பு நிறம், முழங்காலுக்குக் கீழே வந்தது, அம்மாவை அதில் பார்த்தால் சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார். ஜியேயின் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்து நடந்தே ஏறினார், பல்லக்கு வேண்டாம் என்றுவிட்டார். மேலே போனால் இருபது அடிக்கு முன்னால் இருக்கும் யானைச் சிலைகூடத் தெரியவில்லை. தங்கச் சிலை இருக்கும் திசையில் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள், நாங்களும் நின்றோம். ஒளி வளையம் இல்லை, கோங்காவும் இல்லை. இரண்டு மணி வாக்கில் காற்று அடித்து, மேலிருந்து கீழாக இல்லை, இடுப்புப் பக்கத்தில் திடீரென்று பனி விலகியது, யானையின் முகம் ஒன்று, அதற்குமேல் இன்னொரு முகம், அப்புறம் மறுபடி மூடிவிட்டது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

லெஷானில் முதலில் படகு. நீங்கள் சொன்னதை நம்பி அப்படிச் செய்தது நல்லதாயிற்று. வளைவு திரும்பியதும் முதலில் முழங்கால் தெரிந்தது, அப்புறம்தான் அது முழங்கால் என்றே புரிந்தது. படகு நின்றதும் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடினார்கள். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே பையிலிருந்து ஆண்ட்டியின் படத்தை எடுத்து, புத்தரைப் பார்க்கிற மாதிரி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். படகு திரும்பும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

ஊதுபத்தி லிங்யுன் கோயிலில். காற்றில் நெருப்பு பிடிக்கவே இல்லை, மூன்று தீக்குச்சி போனது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தன் கையில் எரிந்துகொண்டிருந்த கட்டைச் சாய்த்துப் பிடித்தார், அதிலிருந்து பற்றவைத்தோம். அம்மா ஆண்ட்டியின் பெயரை மூன்று தடவை சொன்னார், சீன உச்சரிப்பு சரியாக வந்தது, பதினெட்டு வருஷம் கூப்பிட்ட பெயர் அல்லவா.

பாதத்துக்கு நான் மட்டும் இறங்கினேன், அம்மா மேலே உட்கார்ந்திருந்தார். வார நாள், வரிசை அரை மணி நேரம்தான். கால்விரல் நகத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன், முகம் தெரியவில்லை, கைவிரலும் முழங்காலும்தான். மார்பு மடிப்பில் வாய்க்கால் சொன்னீர்களே, தேடினேன், கண்டுபிடித்தேன். ஓரத்தில் ஒரு இடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே பாறையில் பாசி ஒரு கோடாக இறங்கியிருந்தது. மேலே வந்து அம்மாவிடம் சொன்னதும், ஆண்ட்டி படத்தை எடுத்து அந்தக் கோடு இதிலும் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினார். இருந்தது.

விசா பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது, விண்ணப்பத்தில் தங்கும் விடுதிப் பதிவைக் கட்டாயம் இணையுங்கள், நாங்கள் முதலில் அதை விட்டுவிட்டுத் திரும்பப் போக வேண்டியதாயிற்று.